நடுச்சாமத்தில் சப்தமிடும் பிரிட்ஜ்



எமது அயல் வீட்டு உம்மா ஒருவர் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. தானாகவே ஐஸ் கட்டி செய்யும் புதிய பிரிட்ஜ் ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்திருந்தார். அது நடுச்சாமத்தில் திடீரென உறுமும். பின்னர் 'தடதட'வென எதையோ கொட்டும். குசினிக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்றே முதல் நாள் பயந்தாராம். மறுநாள் முதல், படுக்கப் போகும்போது பிரிட்ஜின் சுவிட்சையே அணைத்து வைத்தார். சீனி வருத்தமுள்ள வாப்பாவின் இன்சுலின் அதற்குள் இருந்ததை எவரும் யோசிக்கவில்லை.

கதவைத் திறக்காமல் வைத்தாலும், கரண்ட் இல்லாத பிரிட்ஜ் சுமார் 4 மணித்தியாலங்களே போதிய குளிரைத் தாங்கும். பாவிக்கத் தொடங்காத இன்சுலினோ 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். இறைச்சி, மீன், பாலும் குளிரில் இருக்க வேண்டும். சப்தத்தை நிறுத்தப் போய் மருந்தையும் உணவையும் பழுதாக்கலாமா?

அந்தச் சப்தம் எங்கிருந்து வருகிறது? முதலில் தண்ணீர் வரும் வழி திறக்கும். அப்போது சில விநாடிகள் உறுமல் கேட்கும். தண்ணீர் அச்சில் நிறைந்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் உறையும். பின்னர் சிறு மோட்டார் ஒன்று கட்டிகளைப் பெயர்த்துக் கீழேயுள்ள பெட்டியில் தள்ளும். அதுதான் 'தடதட'. இடைக்கிடை கேட்கும் 'ஸ்ஸ்' என்ற ஓசை, படிந்த பனியைச் சூடாக்கி உருக்கும்போது தண்ணீர்த் துளிகள் சூட்டில் படுவதாகும். குளிரில் சுருங்கி விரியும் பிளாஸ்டிக்கும் 'டக்' என்று சப்தமிடும். இவை ஒன்றும் பழுதல்ல.

சப்தத்தைக் குறைக்கச் சில வழிகள்:

ஐஸ் செய்யும் பகுதிக்குத் தனிச் சுவிட்சோ, மேலே உயர்த்திவிடும் கம்பியோ இருக்கும். இரவில் அதை மட்டும் நிறுத்துங்கள். பிரிட்ஜ் தன் பாட்டில் ஓடட்டும். தண்ணீர்க் குழாய் பொருத்தாமல் பாவிப்பவர்கள் அதை எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வராத தண்ணீருக்காக அது உறுமிக்கொண்டே இருக்கும்.

வெறும் பெட்டியில் விழும் கட்டிதான் அதிகம் சப்தமிடும். எல்லாவற்றையும் எடுத்து முடிக்காமல், அடியில் ஒரு படை கட்டிகளை விட்டு வையுங்கள். சப்தம் குறையட்டும் என்று துணி விரிக்க வேண்டாம். அது உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பின்னாலுள்ள தண்ணீர்க் குழாய் சுவரில் முட்டினால், தண்ணீர் நிற்கும்போதெல்லாம் 'டொக்' என்று அடிக்கும். குழாயைச் சற்று விலக்கிவிடுங்கள். பிரிட்ஜின் நான்கு கால்களும் ஆடாமல் நிலத்தில் பதிய வேண்டும். அதன் மேல் போத்தல்களையும் தட்டுகளையும் அடுக்காதீர்கள். அவையும் சேர்ந்து அதிரும்.

ஆனால், சில சப்தங்களை அலட்சியம் செய்யக் கூடாது. உள்ளே விசிறி எதிலோ உராய்வது போல் விடாமல் இரைந்தால், பனி கட்டி அதில் முட்டுகிறது என எண்ணலாம். சில நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்டு, குளிரும் குறைந்து வந்தால், கம்பிரஷர் ஓடத் தொடங்க முடியாமல் திணறுகிறது. உடனே திருத்துபவரை அழையுங்கள்.

அந்த உம்மாவுக்கு அன்று அந்தக் கம்பியை உயர்த்திக் காட்டினோம். பழைய இன்சுலினை நம்பாமல், வைத்தியரிடம் கேட்டுப் புதியது வாங்கினார்கள். இப்போது கம்பியை உயர்த்திவிட்டுத்தான் அவர் படுக்கப் போகிறார். பிரிட்ஜ் ஓடுகிறது, அவரும் தூங்குகிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு பிரிட்ஜ் சப்தமிட்டால் சுவிட்சில் கை வைக்குமுன், அது என்ன வேலை செய்கிறது என்று சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள்.