வேட்கையும் ஆசிரியரும்

இக்காலத்து மாணாக்கருக்குக் கல்வியில் வேட்கையில்லை என்று கூறுவார் பலர். தமிழ்ச் சிறப்பு வகுப்பினரைப்பற்றியோ, வேறிடம் கிடையாமையால் வந்தவர் என்னும் ஏளனமும் உண்டு. அவ்வாறு வந்தோர் சிலர் உளர் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், வேட்கை என்பது மாணாக்கர் வீட்டிலிருந்து கொணரும் முதலன்று. ஆசிரியர் வகுப்பில் விளைவிக்கும் பயன் என்பதே எமது துணிபு.

செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை அறியாதார் இலர். ஒற்றைக்காலில் நின்று தவஞ்செய்பவன் பாசுபதம் வேண்டிய அருச்சுனன் என்பர் ஒருசாரார். கங்கையைக் கொணர முயன்ற பகீரதன் என்பர் மற்றொருசாரார். எதிரே சிவபிரான் நிற்கும் நிலை இரு கதைக்கும் பொருந்தும். நடுப்பிளவில் நாகர் எழும் காட்சியோ பின்னவர்க்குத் துணையாகும். இவற்றை எழுதிக்கொண்டு மனப்பாடம் பண்ணச் சொல்லும் வகுப்பில் உறக்கமே மிகும். பாறையின்முன் நிறுத்தி, "நுங்கள் கருத்து யாது? அதற்குச் சான்று எங்கே?" என்று வினவின், வாளாவிருப்பார் யார்? தவஞ்செய்யும் பூனையையும் அதன் அடியிலுள்ள எலிகளையும் கண்டவன், சிற்பியின் நோக்கத்தை ஆராயாது மீள்வானோ?

இக்கடற்கரையில் வினாக்கள் முடிந்துவிடவுமில்லை. அங்குள்ள சின்னங்கள் பல்லவ மன்னர் பலருடையன என்று அறிஞர் கொண்டிருக்க, அவை யாவும் இராசசிம்மன் ஒருவனுடையனவே என்று 1962-இல் இரா. நாகசாமி எழுதினார், அவ்வழக்கு இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், அண்மையிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுள் புதைந்திருந்த முருகன் கோயிலொன்று அகழ்ந்து காணப்பெற்றது. பாடநூலில் முடிந்ததாகத் தோன்றுவது நிலத்தில் முடியாதிருத்தலை உணரும் மாணாக்கன், தானும் ஒரு சொல் கூற இடமுண்டு என்று நிமிர்வான்.

இதற்கு முன்னோர் வழியும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் பெயர்வதற்கு நெடுங்காலம் முன்னே அங்குத் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் (1870–1903), ஆர்வமுடைய மாணாக்கருக்குத் தம் இல்லத்திலும் ஊதியம் பெறாது பாடஞ்சொன்னார். அவர்களை 'இயற்றமிழ் மாணவர்' என்று அழைத்தார். அவ்வார்வம் ஆசிரியரின் ஆர்வத்தினின்றே பற்றியது என்று கொள்ளுதல் பிழையாகாது.

பாடம் பெரிது, காலம் சிறிது என்று ஆசிரியர் கூறலாம். அது மெய்யே. எனினும், பூதத்தாழ்வார் பிறந்ததும் திருமங்கையாழ்வார் பாடியதுமாகிய அவ்வூருக்கு, பல்லவர்காலத்து இலக்கியப் பாடம் முடிந்தபின் உல்லாசப் பயணமாக அன்று, அது தொடங்குமுன் ஒரு நாள் வகுப்பாகவே எம்மை அழைத்துச் செல்லுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம். விடையை ஆண்டு கூறவேண்டா. வினாவை மட்டும் எம்மிடம் விட்டு மீள்க. எஞ்சிய நூல்களை யாமே தேடிப் படிப்போம்.