கடைமடைக்கும் எட்டட்டும் பரிசோதனை
2021 மே மாதம், குறுவைக்கு நாற்றங்கால் தயாராக வேண்டிய வேளையில், கரோனா இரண்டாம் அலை காவிரிப் படுகையையும் உலுக்கியது. நோய் தீவிரமடையும்போது ரத்தத்தில் லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் குறைகின்றன. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் ஃபெரிட்டினும், ரத்த உறைவைச் சுட்டும் டி-டைமரும் உயர்கின்றன. இன்டர்லூகின்-6 பரிசோதனைக்குச் செலவு அதிகம். லிம்போசைட் சரிவையோ சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையே காட்டிவிடும்.

பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் ஒன்றை உணர்த்தியது: மலிவான டெக்ஸாமெத்தசோன், செயற்கை சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்ஸிஜன் தேவைப்படாதோருக்குப் பலன் தரவில்லை. ஆக, மருந்தின் விலையைவிட, நோயின் கட்டத்தை உரிய நேரத்தில் அறிவதே முக்கியம்.

பொருளியல் ஆசிரியனாக நான் வலியுறுத்துவது இதுதான்: வட்ட மருத்துவமனைகளின் ஆய்வகங்கள் இரவிலும் இயங்க வேண்டும். விவசாயக் கூலித் தொழிலாளி ஒரு ரத்தப் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் வரை அலையக் கூடாது. மேட்டூரில் திறக்கும் நீர் கடைமடையை எட்டினால்தானே பாசனம்?