பந்தைத் தொட்டால் கர்ப்பப்பை இறங்காது

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கபடிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன குதியாட்டம்?" என்று பாட்டி ஆரம்பிப்பார். "கர்ப்பப்பை எறங்கிடும்டி" என்பார் சித்தி. "வெயில்ல கறுத்துப்போனா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் சேரும். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். படிவத்தில் கையெழுத்தும் போடமாட்டார். அன்றோடு அவளுக்கும் மைதானத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்.

பருவமடைந்த பெண்ணின் உடம்பு ஓட்டத்தையும் தாவலையும் தாங்காது, பெண் ஓடியாடுவது நம் மரபும் இல்லை என்ற நம்பிக்கைதான் இத்தனை பேச்சுக்கும் வேர். மருத்துவப்படி பார்த்தாலும் இது பொய், வரலாற்றுப்படி பார்த்தாலும் பொய். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்கிறார்கள் என்பதால் பொய் உண்மையாகிவிடாது.

விடிவதற்குள் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தால் போதும். ஐஸ் உருகி வழியும் கூடைகளைத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கும் பெண்களிடம் யாரும் கர்ப்பப்பையைப் பற்றி எச்சரிப்பதில்லை. கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் சித்தாளையும், வயிற்றில் பிள்ளையோடு குனிந்து நாற்று நடுகிற பெண்ணையும் "உடம்பு தாங்காது" என்று சொல்லி எவரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கர்ப்பப்பை இறக்கத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் காரணங்கள் அடுத்தடுத்த பிரசவங்கள், சிக்கலான பிரசவம், வயது, தீராத இருமலும் மலச்சிக்கலும், ஓயாமல் பாரம் தூக்குவது. கபடியும் பந்தாட்டமும் அந்தப் பட்டியலில் கிடையாது. பிள்ளை பெற்ற சில நாளிலேயே சுமை தூக்கப் போகிற தாய்க்குத்தான் ஆபத்து அதிகம். அவளுக்காகக் கவலைப்படாத ஊர், பதினான்கு வயதுப் பெண் பந்து எறிந்தால் பதறுகிறது.

பெண்ணின் உடம்பைக் காட்டி அவளைத் தடுப்பது விளையாட்டில் தொடங்கியதல்ல. முதலில் அது படிப்பைத் தடுக்கத்தான் பயன்பட்டது. 1873-இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்டு கிளார்க் என்ற மருத்துவர், பெண்கள் ஆண்களைப் போலப் படித்தால் அவர்களுடைய பிள்ளைப்பேற்று உறுப்புகள் கெடும் என்று புத்தகமே எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட 4 பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885-இல் ஷார்லிப் சென்னையில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்கிறார்கள்.

அதே மருத்துவக் கல்லூரியில் 1878-இல் கிருபாபாய் என்ற இளம்பெண் சேர்ந்தார். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் தேவாலயத்தின் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் வீட்டில் தங்கிப் படித்தார். போதகரின் மனைவி அன்னா பெண்களுக்குப் பள்ளிகள் நடத்திக்கொண்டிருந்தவர். ஓராண்டுக்குள் கிருபாபாயின் உடல்நலம் குன்றியது, மருத்துவப் படிப்பு நின்றது. பின்னர் அந்தக் குடும்பத்துக்கே மருமகளாகி, ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1894-இல் இறந்தபோது அவருக்கு வயது 32. பெண்ணுடம்பு படிப்பைத் தாங்காது என்று வாதிட விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான வாழ்க்கை கிடைக்காது. ஆனால் கணிதமேதை ராமானுஜன் 1920-இல் இதே சென்னையில் இறந்தபோது அவருக்கும் வயது 32தான். ஆணுடம்பு கணக்கைத் தாங்காது என்று அன்றைக்கு யாராவது சொன்னார்களா? ஒரு பெண் நோயுற்றால் பெண்குலத்துக்கே விதி எழுதுவதும், ஆண் நோயுற்றால் அவனுக்காக மட்டும் வருந்துவதும்தான் இந்த நம்பிக்கையின் அடிப்படை.

புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற சிறுமியும் பருவமடைந்ததும் வீட்டோடு இருத்தப்பட்டார். தந்தையின் உதவியால் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு மாணவர்களின் பெற்றோர் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் புறந்தள்ளி அனுமதி தந்தார். அந்தப் பெண் 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சட்டமன்றத்தில் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகவும் சிறுமியர் மணத்துக்கு எதிராகவும் வாதாடினார். பெண்ணின் மணவயதைக் குறைந்தது 14 ஆக்கிய சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தது 1930-இல். அதற்கு முன்னால் ஒரு பெண் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பை எட்டுவதே அருமை. திரை போட்ட மாட்டுவண்டியில் ஆயாவின் காவலோடு பள்ளிக்கு வந்து அதே வண்டியில் திரும்பிய தலைமுறை அது. அந்தப் பிள்ளைகளை மதில் சூழ்ந்த பள்ளி முற்றத்தில் பந்தெறிய வைத்த ஆசிரியைகள், இன்றைய பி.இ.டி. டீச்சர்களைவிடப் பன்மடங்கு பெரிய எதிர்ப்பைச் சமாளித்தவர்கள்.

அன்று வந்து சேர்ந்த ஆட்டங்களுக்குள்ளும் அந்தப் பயம் ஒளிந்திருந்தது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்கென்று மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது, எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. 1895-இல் நியூ ஆர்லியன்சில் கிளாரா பேயர் அமைத்த நியூகோம்ப் பந்தில் ஓட்டம் இன்னும் குறைவு. பந்தைப் பிடித்து வலைக்கு மேலே எறிந்தால் போதும். நம் பெண்கள் பள்ளிகளில் ஆடப்படும் த்ரோபாலின் மூதாதை அதுதான். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1940-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே த்ரோபால் இங்கே பெண்களின் ஆட்டமாக அறிமுகமானது. லட்சக்கணக்கான பெண்களை மைதானத்துக்கு அழைத்து வந்த ஆட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பெண் அதிகம் ஓடக்கூடாது என்ற அந்த விதிகள் அவளுடைய உடம்பை அளந்து பார்த்து எழுதப்பட்டவை அல்ல. ஊராரின் அச்சத்துக்கு இடம் கொடுத்து எழுதப்பட்டவை.

அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கே சாட்சி. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய 9 பேரும் பந்தயத்தை முடித்தார்கள். பத்திரிகைகளோ, பெண்கள் வழியெல்லாம் சுருண்டு விழுந்ததாக எழுதித் தள்ளின. அந்தப் பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960-இல்தான் திரும்பி வந்தது. ஓடத் தெரிந்த பெண்களின் ஒரு தலைமுறையே அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டது.

இனி, "நம் மரபு" என்ற வாதம். தமிழ் இலக்கணம் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குக் கடைசி மூன்று பருவங்களாக எதை வைத்திருக்கிறது? அம்மானை, நீராடல், ஊசல். மூன்றுமே ஆட்டங்கள். மீனாட்சியம்மையே ஆனாலும் பந்தும் காயும் எறிந்து, நீரில் குதித்து, ஊஞ்சலை உந்தி ஆடினால்தான் பிள்ளைத்தமிழ் நிறைவு பெறும். சிலப்பதிகாரத்தில் பெண்கள் பந்தடித்துப் பாடுவதற்குக் கந்துக வரி என்று தனிப் பகுதியே உண்டு. சங்கப் பாட்டில் மகளிர் ஓரை ஆடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், புதுப்புனல் பாய்கிறார்கள். இந்த மரபைக் கொண்டாடிப் பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிறவர்கள், தம் வீட்டுப் பெண்ணின் கையில் பந்தைப் பார்த்ததும் மரபு கெட்டது என்பது எந்த ஊர் நியாயம்?

மருத்துவம் சொல்வதையும் கேட்க வேண்டும். எலும்பு உறுதிப்படுவது பெரும்பாலும் பதின்ம வயது முடிவதற்குள். அந்த வயதில் குதிப்பதும் ஓடுவதும்தான் அறுபது வயதில் இடுப்பெலும்பு முறியாமல் காக்கும். மிதமான உடற்பயிற்சி மாதவிடாய் வலியைக் குறைக்கிறது. கடும் பயிற்சி செய்யும் சில வீராங்கனைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது உண்டு. பயிற்சிக்குத் தகுந்த சாப்பாடு இல்லாமல் போவதே அதற்கு முக்கியக் காரணம். ஆகவே தட்டில் சோற்றையும் முட்டையையும் கூட்ட வேண்டும், ஆட்டத்தை நிறுத்தக்கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பெண் மூச்சு வாங்கினால் கவலைப்பட வேண்டியது அவளுடைய ரத்தத்தைப் பற்றி.

"காலம் மாறிவிட்டது, பெண்கள்தான் மெடல் வாங்குகிறார்களே" என்று சொல்கிறவர்கள் உண்டு. வாங்குகிறார்கள்தான். வடசென்னைப் பள்ளி ஒன்றில் வாளைக் கையிலெடுத்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய முதல் ஆள் ஆனார். கூவம் கரையிலிருந்தும் நகரின் பிற மூலைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரிலிருந்து கிளம்பிய கார்த்திகா, 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2 மீட்டருக்கு மேல் உயரம். அந்த உயரத்துக்காகக் கேலி பேசப்பட்டவர், அதே உயரத்தால் இலங்கை வலைப்பந்து அணியை ஆசிய சாம்பியனாக்கினார்.

ஆனால் மெடல் வாங்கியவரை மேடையேற்றுவதால் நம்பிக்கை ஒழிந்துவிடவில்லை. அது உருமாறி, "மெடல் வரும்னா, வேலை கிடைக்கும்னா ஆடட்டும், இல்லாட்டி எதுக்கு?" என்று பேசுகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பது நல்லதுதான். ஆனால் எந்த ஒதுக்கீட்டுக்கும் போகாத, எந்தக் கோப்பையும் வாங்காத, சும்மா ஓட ஆசைப்படுகிற பெண்ணுக்கு என்ன வழி? பையன் தெருவில் கிரிக்கெட் ஆடினால் எந்த வீட்டிலும் மெடல் கேட்பதில்லை.

அந்தச் சாதாரணப் பெண்ணைப் பள்ளியில் பி.டி. பீரியடில் பார்க்கலாம். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்வாள். தோளில் ஊக்கு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப்பார்ப்பாள். பந்து வரும்போது ஒரு கை பந்துக்கும் ஒரு கை துப்பட்டாவுக்குமாகப் போகும். பத்தாம் வகுப்பு வந்தால் அந்தப் பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். மாலையில் பூங்காவிலும் மைதானத்திலும் இடம் முழுக்கப் பையன்களுக்கு. அவள் தம்பிக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு ஓரத்தில் நிற்பாள். அவளை ஓரத்தில் நிறுத்தியது அவளுடைய உடம்பு அல்ல. கல்யாணச் சந்தையில் நிறம் குறைந்துவிடுமோ, நாலு பேர் பார்த்துவிடுவார்களோ என்ற கணக்கு அவளை நிறுத்தியது. அந்தக் கணக்கை மருத்துவம் என்றும் மரபு என்றும் பெயர் மாற்றிச் சொல்வதை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் நான்கு விஷயங்களைத் தீர்மானமாக எழுதி வாங்கட்டும்: ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பெண்களின் விளையாட்டுப் பீரியடை எந்தப் பாடமும் எடுத்துக்கொள்ளக்கூடாது, விளையாட ட்ராக் பேண்டும் டி-ஷர்ட்டும் வேண்டும், மைதானத்துக்குப் பக்கத்தில் தண்ணீரோடு கழிப்பறை வேண்டும், வாரத்தில் சில மாலைகளாவது மைதானம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும். அப்பாக்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.