வழுக்குவது குற்றமா?



பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பதைப் பெரிய பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் போற்றும் கார்களுள் ஒன்று, 1963 முதல் 1967 வரை வெளிவந்த செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே. இக்கார்கள் பலவற்றில் சுமார் 5.4 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் இருக்கும். எஞ்சினுக்கு முன்னால் ஒரு விசிறி சுழன்று, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். விசிறிக்கும் அதைச் சுழற்றும் நீர்ப் பம்பின் அச்சுக்கும் நடுவே வட்டமான ஓர் உலோகப் பெட்டி இருக்கிறது. அதுவே விசிறிக் கிளட்ச்.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் சிலர் உடனே புதுக் கிளட்சு வாங்கி மாட்டுகிறார்கள். வேறு சிலரோ, "வழுக்குகிற பொருள் எதற்கு?" என்று அதையே கழற்றி எறிந்துவிட்டு, விசிறியை அச்சோடு சேர்த்து முடுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே ஆராயாமல் செய்யும் காரியங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

விசிறியின் வேகம் இரு மடங்கானால், அது ஒரு நொடியில் தள்ளும் காற்றின் நிறையும் இரு மடங்காகும். ஒவ்வொரு கிராம் காற்றுக்கும் அது தரும் இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகும். ஆகவே தேவைப்படும் திறன் 2 × 4 = 8 மடங்கு! நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து 4500 சுற்றுக்கு உயர்ந்தால் 27 மடங்கு. இத்தனை திறனும் எஞ்சினிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் கார் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்து விடுகிறது. தேவையில்லாத நேரத்தில் விசிறியை முழு வேகத்தில் சுற்றுவது பெட்ரோலைக் காற்றில் இறைப்பதாகும், இரைச்சலும் மிகும்.

இங்கேதான் கிளட்சின் நுட்பம் விளங்குகிறது. பெட்டிக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முன்பக்கத்தில் நீங்கள் பாடத்தில் படித்த ஈருலோகத் தகடு, சுருளாக அமைந்திருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுக்கிக்கொண்டு ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய், குறுகிய இடைவெளியுள்ள வரிப்பள்ளங்களுக்குள் பாயும். அதன் பாகியல் விசை விசிறியை இழுத்துச் சுழற்றும். காற்று குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ள, எண்ணெய் தன் அறைக்குத் திரும்பும். விசிறி வழுக்கி மெதுவாகச் சுற்றும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. வழுக்குவது இதன் குற்றமன்று; அதுவே இதன் வேலை!

சரி, இந்தக் கிளட்சும் பழுதாகத்தானே செய்யும்? ஆம். எண்ணெய் கசியலாம், சுருள் கெடலாம், பேரிங் தேயலாம். நேராக முடுக்கிய விசிறிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் சூடேறினால் கிளட்சுதான் காரணம் என்று முடிவு கட்டலாமா? கார் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் விசிறியின் மீது ஐயப்படலாம். விரைந்து ஓடும்போதே சூடேறினால், அடைபட்ட ரேடியேட்டர் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். அடுத்து, சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு விசிறியைக் கையால் தள்ளிப் பார்க்கலாம். தடையே இல்லாமல் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் பிடிக்கவில்லை என்று ஐயப்படலாம். எண்ணெய்க் கசிவின் கறையும், அச்சில் ஆட்டமும் கூடுதல் சான்றுகள். எஞ்சின் ஓடும்போது மட்டும் விசிறியின் அருகே கை போகவே கூடாது.

சான்று கிடைத்த பிறகு மாற்றுங்கள். மரைகளைக் கழற்றி, பழையதை எடுத்து, அதே வகைக் கிளட்சைப் பொருத்தும் வேலைதான். புதியதைப் படுக்கவைக்காமல், காரில் இருக்கும் நிலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் இடம் மாறிக் கசியக்கூடும். விசிறியின் இறகுகள் அதைச் சுற்றியுள்ள கூட்டில் உரசாமல் சுழல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் மாற்றினால் என்ன ஆகும்? பணம் போகும், சூடு போகாது. அப்படியே ஓட்டினால் சிலிண்டர் தலைக்குக் கீழுள்ள கேஸ்கெட் கருகி, எஞ்சினே பாழாகலாம்.

எங்கோ ஓடும் கார்வெட்டின் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் சாலைகளில் ஓடும் லாரிகள் பலவற்றிலும் இத்தகைய கிளட்ச் உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாவிட்டால், "சார், வேறு மீட்டர் கொடுங்கள்" என்று மாணவர்கள் ஓடி வருவார்கள். பெரும்பாலும் குற்றம் மீட்டரில் இருக்காது. ஒரு கம்பி தளர்ந்திருக்கும். பாகத்தை மாற்றுவது கையின் வேலை. காரணத்தைக் காண்பது அறிவின் வேலை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு கருவி பழுதானால், உடனே "மாற்று" என்று சொல்லாதீர்கள். "இது எதற்காக இப்படி அமைந்தது?" என்று முதலில் கேளுங்கள். இயற்பியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.