தடிமனுக்கு மருந்து வாங்குமுன்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே தடிமன் நுழையாத வீடு அரிது. கிரானிலும் அவ்வாறே. ஒருவர் தும்மினால் மறுநாள் மற்றவர் தும்முவார். உடனே கடைக்கு ஆளனுப்பி, "தடிமனுக்கு ஏதாவது தாருங்கள்" என்று கேட்பது நம்மவர் வழக்கம். அந்த 'ஏதாவது' என்னும் சொல்லிலேதான் ஆபத்து இருக்கின்றது.

தடிமனை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கு மேற்பட்டவை. அவற்றைக் கொல்லும் குளிசை எதுவும் கடைகளில் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பக்டீரியாவுக்கு உரியவை. தடிமனுக்கு அவற்றை விழுங்குவதாற் பயனில்லை. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் தடிமன் தானே நீங்கிவிடும். மருந்துகள் அதுவரை துன்பத்தைத் தணிப்பனவே. ஆதலின், எந்தத் துன்பத்திற்கு மருந்து வேண்டுமென்று தெளிந்து, அதற்குரியதை மட்டும் வாங்குதல் அறிவுடைமையாகும்.

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் உகந்தது பரசிற்றமோல். 'பனடோல்' என்று நாம் அறிந்திருப்பது இதனையே. உடல்நலமுள்ள வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசைகளில் ஒருமுறைக்கு இரண்டு வரை உட்கொள்ளலாம். அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் செல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டுக் குளிசைகளை மீறலாகாது. ஆனால், தடிமனுக்கென விற்கப்படும் கலப்புக் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிற்றமோல் மறைந்திருக்கின்றது. இரண்டையும் சேர்த்து உண்பவர், வெவ்வேறு மருந்துகளென எண்ணி ஒன்றையே இருமடங்காக உண்கிறார். அளவு மீறினால் ஈரல் கெடும். மது அருந்துவோருக்கு அபாயம் மேலும் மிகுதி. ஆகவே, பெட்டியின் மேலுள்ள பெரிய பெயரை விட்டு, அதன்கீழ்ச் சிற்றெழுத்திலுள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். வீட்டிலே ஆங்கிலம் வாசிக்கும் மாணவர்கள் இப்பணியை ஏற்பது நன்று.

மூக்கொழுகலுக்குத் தரும் குளோர்பெனிரமின் உறக்கத்தை வருவிக்கும். அதை உண்டபின் மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்டுதலும், தோணியில் வாவிக்குச் செல்லுதலும் தகா. மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தைப் பல நாள் தொடர்ந்து இட்டால், அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழி இதற்கு மிகப் பொருந்தும். மூக்கடைப்பு நீக்கும் குளிசைகளை, இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது.

குழந்தைகள் விடயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இருமற் பாணியை நாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டில் காம்பியா நாட்டிலே அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் மரணம், நச்சுப்பொருள் கலந்த பாணி மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குச் சிறிது தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே ஆகாது. கொதிநீர்ப் பானையின் முன் குழந்தைகளை இருத்தி ஆவி பிடித்தலும் வேண்டாம். பானை கவிழ்ந்து வெந்துபோதல் தடிமனிலும் கொடியது. பெரியோருக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இட்ட சூடான குடிநீர் தொண்டைக்கு இதமளிக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மாரிகாலக் காய்ச்சல் யாவும் தடிமனன்று. டெங்கும், வயலில் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சலும் இக்காலத்திலேயே பரவுகின்றன. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் முதலியவை டெங்கு நோயாளருக்கு இரத்தப்பெருக்கை விளைவிக்கலாம். ஆதலால், காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் அன்றி வேறு வலிநீக்கிகளை நாடாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாட்களைக் கடந்தாலும், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பெருவெள்ளத்தின்போது கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதி நீரில் மூழ்கிவிடுவதை நாம் அறிவோம். அப்பாலுள்ள ஊரவர்கள் பாதை அடைபடும்வரை காத்திராது, முன்னதாகவே நோயாளியை அழைத்துச் செல்லுதல் நலம். கடையில் வாங்கும் குளிசை காய்ச்சலைத் தணித்துக் காட்டும். அதன் காரணத்தைக் கண்டறிய மருத்துவரே வேண்டும்.