தீக்குச்சியால் தேனை அளக்காதீர்கள்

இந்த வாரமும் அந்தக் காணொளி வந்து சேர்ந்துவிட்டது. தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுகிறார்கள். பற்றிக்கொண்டால் சுத்தத் தேனாம், பற்றாவிட்டால் கலப்படமாம். அடுத்து ஒரு தம்ளர் தண்ணீர். தேன் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தால் நூற்றுக்கு நூறு அசலாம். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவர்கள்கூட இதைக் குடும்பக் குழுக்களில் தட்டிவிடுகிறார்கள். கோபம் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

தீக்குச்சிக்குத் தெரிந்தது ஈரம் ஒன்றுதான். ஆலையில் காய்ச்சி இறுக்கிய பாகில் ஈரம் குறைவு, குச்சி பற்றும். அதே பாகைத் தண்ணீரில் விட்டால் தேனைப் போலவே அடியில் இறங்கும். ஆனால் மார்த்தாண்டத்திலும் மகாபலேஸ்வரிலும் பெட்டிகளில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீயின் தேனில் ஈரம் இயல்பாகவே அதிகம். விதி அனுமதிக்கும் 20 சதவீதத்தைச் சில பருவங்களில் அது தாண்டிவிடும். அந்தத் தேனில் தோய்த்த குச்சி பற்றாது. பாகு காய்ச்சியவர் தேறிவிடுகிறார். ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்துப் பிழைக்கும் குமரி மாவட்டத்துக்காரர் திருடர் என்று பெயர் வாங்குகிறார். பாட்டிலில் தேன் உறைந்துவிட்டால் "சர்க்கரை கலந்திருக்கிறாய்" என்று கடைக்காரரிடம் சண்டை வேறு. கடுகுப்பூத் தேன் உறைவது அதன் இயல்பு, ஐயா!

நாம் தீக்குச்சி உரசிக்கொண்டிருக்கையில் கலப்படக்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறு. தேனீ நாடும் பெரும்பாலான செடிகளின் முறை வேறு. அதனால் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் மாறும், கருவி காட்டிக்கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு அரிசிப் பாகுக்கு மாறினார்கள். நெல்லின் முறையும் பூச்செடிகளின் முறையும் ஒன்று, கருவி ஏமாந்தது. அரிசிப் பாகின் தடயத்தைத் தேடும் சோதனைகள் வந்தன. அவற்றுக்கும் தப்பும் பாகு சந்தைக்கு வந்தது.

டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும். 13 பிராண்டுகளின் தேனை ஜெர்மனியில் என்.எம்.ஆர். சோதனைக்கு அனுப்பியதில் 10 பிராண்டுகள் தோற்றன. பாதிக்குப் பாதி பாகு கலந்த மாதிரிகூட இந்தியத் தரச் சோதனைகளில் தேறிவிட்டது என்றும் மையம் சொன்னது. டாபர், பதஞ்சலி உள்ளிட்ட நிறுவனங்கள் மறுத்தன. அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. நம் கேள்வி அரசிடம். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்கு என்.எம்.ஆர். சோதனையைக் கட்டாயமாக்கிய அரசு, நம் தெருக் கடைக்கு வரும் தேனுக்கு அந்தக் கட்டாயத்தை விதிக்கவில்லையே, ஏன்? வெளிநாட்டுக்காரர் வயிறு உசத்தி, நம் வயிறு தாழ்த்தியா?

என்.எம்.ஆர். என்பது தேனுக்குள் இருக்கும் எண்ணற்ற பொருட்களை ஒரே வீச்சில் பதிவு செய்யும் கைரேகை. அந்தக் கைரேகையை அசல் தேன்களின் தொகுப்போடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மகாபலேஸ்வரின் நாவல்பூத் தேன் அந்தத் தொகுப்பில் இருக்க வேண்டும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அதன் கைரேகையும் வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையாகத் தேன் எடுத்தவரும் சந்தேகத்தில் மாட்டுவார்.

இதைச் செய்ய ஊர் தேட வேண்டியதில்லை. புனே இருக்கிறது. கணேஷ்கிந்த் சாலையில் மத்தியத் தேனீ ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1962 முதல் இயங்குகிறது. சில கிலோமீட்டர் தள்ளி, பாஷாணில், 1950-ல் தொடங்கிய தேசிய வேதியியல் ஆய்வகம், அங்கே என்.எம்.ஆர். கருவிகள் இருக்கின்றன. தேனீயை அறிந்தவர்கள் ஓரிடம், கருவியை அறிந்தவர்கள் ஓரிடம், இரண்டும் அரசுடையவை. தேனீ வளர்ப்புக்கென்று 2020-ல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் அறிவித்தது. இந்த இரண்டு நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மாவட்ட வாரியாக, பூ வாரியாக இந்தியத் தேன்களின் கைரேகைத் தொகுப்பை உருவாக்கச் சொல்லுங்கள். தேனீ வளர்ப்பவர் மலிவுக் கட்டணத்தில் சோதித்துச் சான்று வாங்கட்டும்.

தேன் பேச்சு வந்ததால் தாய்மார்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவுகிற வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கலப்படமே இல்லாத தேனிலும் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. தசைகள் தளர்ந்து மூச்சுக்கே ஆபத்து வரும். ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காணொளி இனி வந்தால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேன் வாங்கும்போது அந்த பேட்சின் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். நிறுவனத்துக்கு ஒரு கடிதம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏற்றுமதித் தேனுக்கு உள்ள சோதனை இந்தியக் கடைத் தேனுக்கும் கட்டாயம் ஆகும்வரை எழுதிக்கொண்டே இருங்கள்.