பிள்ளை நகரத்தில், வயல் இங்கே

2007இல் சிலாவத்துறை, அரிப்புப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் சில, பிள்ளைகளை முருங்கனிலோ மன்னாரிலோ விட்டுப் படிப்பிக்கின்றன. அவர்களைக் குறைகூற முடியாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலையில் மட்டுமே உண்டு. 1சி தரத்தில் கலையும் வர்த்தகமுமே. 2ஆம் தரமோ பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும்.

ஆனால் ஆசிரியர் ஒதுக்கீடு மாணவர் தொகையைப் பார்த்தே நடக்கிறது. பிள்ளை போனால் ஆசிரியரும் போவார். ஆசிரியர் இல்லையென்று அடுத்த வீட்டுப் பிள்ளையும் போகும். தாய் நகரத்து வாடகை வீட்டில், தகப்பன் வயற்காவலில். இதற்காகவா மீளக்குடியேறினோம்? 1945இல் வந்த இலவசக் கல்வி வீட்டு வாடகை கட்டாது.

முசலிக் கோட்டத்தில் விஞ்ஞானப் பிரிவு முழு ஆசிரியர்களோடு நடக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டாக மன்னார் வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்போம். அதுவரை, ஐந்தாம் ஆண்டு மட்டுமாவது பிள்ளைகளின் பெயர் ஊர்ப் பாடசாலை இடாப்பிலேயே இருக்கட்டும்.